பழவேற்காட்டுச் சேற்றுக்கு ஒரு லாங்டெயில்: பேரிங் நாட்குறிப்பு

ஜனவரி 5

ஏரியில் பல இடங்களில் முழங்கால் தண்ணீர்தான். அங்கே படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் கால் சேற்றில் குத்தி நின்றுவிடும். நீண்ட குழாய்க்குள் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) ஓடி, நுனியில் புரொப்பெல்லரைச் சுற்றும் லாங்டெயில் மோட்டார் என்றால் வாலைத் தூக்கித் தூக்கிப் போகலாம். அதைத்தான் கட்டுகிறோம். இன்ஜின் 196 சிசி பெட்ரோல், நிமிடத்துக்கு 3600 சுற்று.

முதலில் வாலின் நீளம். இன்ஜின் ஷாஃப்ட் தண்ணீருக்கு 40 செ.மீ. மேலே, புரொப்பெல்லர் 20 செ.மீ. கீழே. ஆக 60 செ.மீ. இறக்கம். இந்த வகை இன்ஜினைத் தொடர்ந்து 20 டிகிரிக்கு மேல் சாய்த்து ஓட்டக்கூடாது. ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். 180 செ.மீ. வாலுக்குச் சாய்வு 19.5 டிகிரி வருகிறது. இதற்குமேல் குறைக்க இடமில்லை.

ஜனவரி 9

20 மி.மீ. ஷாஃப்டுக்கு மேலே ஒரு பேரிங், கீழே ஒரு புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்), நடுவில் 150 செ.மீ. வெறுமை. பலரும் இப்படித்தான் கட்டுகிறார்கள், பிறகு அதிருகிறது என்று இன்ஜினைத் திட்டுகிறார்கள். அந்த இடைவெளியில் ஷாஃப்ட் ஏறக்குறைய 1050 சுற்றிலேயே கயிறுபோலத் துள்ளத் தொடங்கும். நடுவில் ஒரு புஷ் வைத்தால் அந்த எல்லை நான்கு மடங்காகி 4200. நம் 3600-க்கு அது ரொம்பப் பக்கம். புஷ் கொஞ்சம் தேய்ந்தாலே இறங்கிவிடும். இரண்டு புஷ், 50 செ.மீ.க்கு ஒன்று: 9500. கவலை விட்டது.

நடு புஷ்ஷை டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கடைய வேண்டும். நைலான் மலிவு, ஆனால் தண்ணீர் குடித்து உப்பி ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும்.

ஜனவரி 19

பேரிங் வாங்கும் நாள். கடையில் "யுசிஎஃப் 204 போடுங்கள், நாலு போல்ட், வேலை முடிந்தது" என்றார்கள். வேண்டாம். அது உறையோடு வரும் பேரிங். அதில் ஷாஃப்டைப் பிடிப்பது இரண்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) மட்டும். புரொப்பெல்லர் தள்ளும்போது வழவழப்பான ஸ்டெயின்லெஸ் ராடு அதற்குள் நழுவும். அந்தத் தள்ளு முழுவதும் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டுக்குப் போகும்.

கூம்பு உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங் 30204-ஐயும் யோசித்தோம். பலம் தாராளம், ஆனால் சீல் கிடையாது. இறுக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய இன்ஜினின் தள்ளுவிசையை 6204 என்ற பால் பேரிங் சிரமமில்லாமல் தாங்கும். அதன் அளவு 20×47×14. கேட்கும்போது "6204-2ஆர்எஸ்" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். "இசட் இசட்" என்றால் தகர மூடி. தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. வாஷிங் மெஷினிலும் பம்பு மோட்டாரிலும் ஓடும் நம்பர்தான், எந்த ஊரிலும் கிடைக்கும். பெட்டி மட்டும் பளிச்சென்று இருந்து, வளையத்தில் எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் தொட வேண்டாம்.

தண்ணீருக்குள் இருக்கும் கீழ்முனைக்குப் பால் பேரிங் கூடவே கூடாது. உவர்நீர் அதை ஒரு சீசன் கூட விடாது. அங்கே பள்ளம் வெட்டிய ரப்பர் புஷ் வேண்டும். போர்வெல் சப்மெர்சிபிள் பம்பு உதிரிபாகக் கடையில் கேட்டால் கிடைக்கும். தண்ணீரே அதற்கு எண்ணெய், மணல் பள்ளத்தின் வழியே வெளியேறிவிடும். ஷாஃப்ட் துண்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

ஜனவரி 27

லேத் வேலை. 20 மி.மீ. என்று வாங்கிய ராடு வெர்னியரில் ஒரு முனையில் 19.8. இதில் பேரிங் மாட்டினால் ஷாஃப்ட் உள்வளையத்துக்குள் சுற்றித் தேயும். திருப்பிக் கொடுத்து வேறு ராடு.

ஷாஃப்டில் சர்க்ளிப் (பள்ளத்தில் மாட்டும் பூட்டு வளையம்) உட்காரும் பள்ளம்: அடிவிட்டம் 19, அகலம் 1.3 மி.மீ. அது பேரிங்குக்கு எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்டை இன்ஜின் பக்கம் தள்ளும். எனவே சர்க்ளிப் பேரிங்கின் புரொப்பெல்லர் பக்கம். ஹவுசிங்குக்குள் (பேரிங் உட்காரும் உறை) பேரிங்கைத் தடுக்கும் விளிம்பு இன்ஜின் பக்கம். மாற்றிப் போட்டால் பேரிங் சும்மா உட்கார்ந்திருக்கும், கிராங்க் அடிவாங்கும்.

ஹவுசிங்கைக் குழாயோடு வெல்டிங் செய்த பிறகே 47 மி.மீ. துளையைக் கடைசியாகக் கடைந்தோம். முன்பே கடைந்தால் வெல்டிங் சூட்டில் வட்டம் கோணிவிடும். இன்ஜினையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கில் இன்ஜின் பக்கத் துளை 19.05 (முக்கால் அங்குலம்), இந்தப் பக்கம் 20. இரண்டு முனைக்கும் நடுவில் 2 மி.மீ. இடைவெளி.

இந்த இன்ஜின் சுற்றும் திசைக்குப் புரொப்பெல்லர் இடதுசுற்றாக இருக்க வேண்டும். வழக்கமான வலதுசுற்று மாட்டினால் படகு பின்னால் போகும்.

பிப்ரவரி 3

தண்ணீரில் இருபது நிமிடம். ஹவுசிங் கைபொறுக்கும் சூடு. கப்ளிங் இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடுக்கு அளக்கும் தகடு) விட்டுப் பார்த்தோம்: அதே 2 மி.மீ. தள்ளுவிசை இன்ஜினுக்குப் போகவில்லை.

ஆனால் கழற்றியபோது புரொப்பெல்லர் குடத்துக்கும் (அதன் நடுப்பகுதி) புஷ்ஷுக்கும் நடுவில் அறுந்த வலை நரம்பு நூலாகச் சுற்றி, சூட்டில் உருகி, கண்ணாடி வளையம்போல இறுகியிருந்தது. பிளேடால் கீறித்தான் எடுக்க முடிந்தது. குடத்தின் மேல் ஏறி நிற்கும்படி 25 மி.மீ. நீளக் குழாய்த் துண்டு ஒன்றை வால்முனையில் பற்றவைத்தோம். நூல் நுழைய இடுக்கு இல்லை. புஷ்ஷுக்கு மேலே குழாயில் நான்கு 8 மி.மீ. துளை, தண்ணீர் உள்ளே வர.

பிப்ரவரி 10

பேரிங்குக்குத் தண்ணீர் ஏறாமல் தடுக்கும் மேல் ஆயில் சீலைக் கழற்றினோம். கிரீஸ் ஓரத்தில் மோர்போல வெளுத்திருக்கிறது, தண்ணீர் ஏறுகிறது. சுழலும் ஷாஃப்ட் குழாய்க்குள் இருக்கும் நீரை மேலே வீசியடிக்கிறது. 20×35×7 சீல் இன்னொன்று, இரண்டின் உதடும் தண்ணீரைப் பார்த்து; நடுவில் அடிப்பக்கம் 6 மி.மீ. வடிதுளை. முதல் சீலைத் தாண்டும் தண்ணீர் பேரிங்கைத் தொடுமுன் அங்கேயே சொட்டிவிடும். துளை வாயில் சொட்டு தெரிந்தால் சீல் மாற்றும் நேரம்.