அஞ்சல் வண்டியில் வரும் புத்தகங்கள்

தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியிலிருந்து திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் ஓர் அஞ்சல் வண்டி கிளம்புகிறது. வில்லியம் கிரீக், ஊட்னடட்டா என்று மண் சாலையில் சுமார் 600 கிலோமீட்டர் சுற்றிவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறது. காசு கொடுத்தால் பயணிகளையும் ஏற்றிக்கொள்கிறார்கள். டிங்கோ என்னும் காட்டு நாய்களைத் தடுக்கப் போட்ட 5,000 கிலோமீட்டருக்கும் நீண்ட வேலியையும் நிலவின் தரை போன்ற வெட்டவெளியையும் காணத்தான் பலரும் அதில் ஏறுகிறார்கள். என் கண்ணெல்லாம் பின்னால் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் மேலேயே இருந்தது.

கடிதங்கள் கொஞ்சம்தான். தண்ணீர் பம்புக்கான உதிரி பாகம், பிள்ளைகளின் காலணி, மருந்து, புத்தகம் எல்லாம் ஆன்லைனில் வாங்கியவை. 77 லட்சம் சதுர கிலோமீட்டர் நாட்டில் மக்கள் மூன்று கோடிகூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலோர் கடலோர நகரங்களில். நாட்டின் உட்பகுதியில் கடைக்குப் போவது என்றால் ஒரு நாள் வேலை. வழியில் வரும் அன்னா கிரீக், உலகின் மிகப் பெரிய மாட்டுப் பண்ணை. 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

ஒரு பண்ணை வீட்டில் பெட்டியை வாங்கிக்கொண்ட பெண்மணி எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். புத்தகம் வேண்டும் என்று தோன்றியதும் வாங்கிவிட மாட்டாராம். பட்டியல் எழுதி வைத்து, சேர்ந்ததும் மொத்தமாக வரவழைப்பாராம். காரணம் எளிது. சாதாரணக் கடிதத்துக்கு நாடு முழுவதும் ஒரே கட்டணம். எல்லாப் பார்சலுக்கும் அப்படி இல்லை. கனமான பார்சலுக்குத் தூரத்தைப் பொறுத்துக் கட்டணம் கூடும்; சிறியதானாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம். தடித்த புத்தகம் பார்சலாகத்தான் போகிறது.

புக் டிப்பாசிட்டரி என்ற பிரிட்டிஷ் இணையக் கடையைப் பற்றி அவர் பேசியபோது குரலில் வருத்தம் தெரிந்தது. உலகின் பல நாடுகளுக்குத் தபால் செலவே வாங்காமல் அனுப்பிய கடை அது. சிட்னிக்காரருக்கு என்ன விலையோ அதே விலைதான் இந்தப் பண்ணைக்கும். 2011இல் அமேசான் அதை வாங்கியது. 2023 ஏப்ரலில் மூடிவிட்டது. நகரவாசிக்கு ஒரு கடை போனது, அவ்வளவுதான். இவருக்குப் போனது சமத்துவம் என்றுதான் நான் சொல்வேன். கடிதத்துக்கு உள்ள அதே கட்டண நியாயம் கனமான புத்தகக் கட்டுக்கும் வேண்டும். அரசு மனம் வைத்தால் முடியாத காரியமல்ல.

மழை பெய்தால் மண் சாலையை மூடிவிடுவார்கள். அப்போது அஞ்சலும் வராது. அந்த நாட்களுக்காகவே படிக்காத புத்தகம் ஒன்றிரண்டை ஒதுக்கி வைப்பாராம். செயற்கைக்கோள் இணையம் வந்தபிறகு நூலகத்தின் மின்னூல்களையும் இரவல் வாங்குகிறார். துப்பறியும் கதைகளெல்லாம் இப்போது கைக்கணினியில்தான். பிள்ளைகளுக்கு மட்டும் அச்சுப் புத்தகம். அவர்கள் படிப்பது வீட்டிலிருந்தபடியே. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலி வழியே தொடங்கிய 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' முறை இன்று இணையத்தில் நடக்கிறது. பகல் முழுக்கத் திரையைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இரவிலும் திரை வேண்டாம் என்பது அவர் கட்சி.

பெட்டியை அவர் பிரிப்பதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார். ஊட்னடட்டாவுக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.