டுலேரி கவுன்டியில் கருத்தடை ஆலோசனை: ஒரு செவிலியரின் பணி அனுபவங்கள்

கலிபோர்னியாவின் மையப் பள்ளத்தாக்கில், திராட்சையும் ஆரஞ்சும் விளையும் டுலேரி கவுன்டியில், ஒரு சமூக மருத்துவ நிலையத்தில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இங்கு வரும் இளையோரில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து குடியேறிய பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைகள். இவர்கள் கருத்தடையை நாடத் தயங்குவதற்குக் கத்தோலிக்க சமயமே காரணம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் என் ஆலோசனை அறையில் சமயம் அரிதாகவே பேச்சில் வருகிறது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதும், பின்னாளில் பிள்ளை பிறக்காமல் போய்விடுமோ என்பதுமே நான் மீண்டும் மீண்டும் கேட்கும் அச்சங்கள்.

சட்டம் இவர்கள் பக்கமே இருக்கிறது. கலிபோர்னியாவில் 18 வயது நிரம்பாதவரும் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் கருத்தடைச் சேவையைப் பெறலாம். குறைந்த வருமானம் உள்ளோருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை தரும் 'ஃபேமிலி பாக்ட்' என்னும் மாநிலத் திட்டத்தில், வந்த அன்றே, குடியுரிமை நிலையைப் பொருட்படுத்தாமல் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். இரகசியச் சேவை கோரும் சிறுமியின் விஷயத்தில் பெற்றோரின் வருமானத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆயினும், முன்மேசையில் பெயர் கேட்பவர் தாயின் தோழியாகவோ தம்பியின் ஞானத்தாயாகவோ இருக்கக்கூடிய சிற்றூரில் சட்டம் தரும் இரகசியம் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. பேருந்து அரிது, கார் ஓட்டத் தெரியாத பெண் எங்கே போகிறாள் என்பதை யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும். ஆகவே பலர் விளையாட்டுக்கான உடற்பரிசோதனை என்று சொல்லி வந்து, கதவு சாத்திய பிறகே தாங்கள் வந்த காரணத்தைச் சொல்கிறார்கள்.

பிள்ளை பிறக்காமல் போய்விடுமோ என்னும் இரண்டாவது அச்சத்துக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியால் பலருக்கு மாதவிடாய் நின்றுவிடும். வெளியேறாத இரத்தம் வயிற்றுக்குள் தேங்கி நோயாக மாறும், பிறகு பிள்ளை பிறக்காது என்று பாட்டி போன்ற வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கருப்பையின் உட்படலம் மெலிந்திருப்பதால் வெளியேற வேண்டிய இரத்தமே அங்கு உருவாவதில்லை என்று படம் வரைந்து விளக்குகிறேன். அதோடு, கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கும் திறன் திரும்பச் சராசரியாகப் பத்து மாதங்கள் ஆகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில சக பணியாளர்கள் அதைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டி சொன்னதில் ஒரு பகுதி உண்மை என்று ஒப்புக்கொள்ளும் செவிலியரிடம்தான் மீதியைப் பற்றிக் கேட்க அந்தப் பெண்ணுக்குத் துணிவு வருகிறது.

இந்த ஐயங்களை அறியாமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1960களின் இறுதியிலும் 70களிலும், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஓர் அரசுப் பொது மருத்துவமனையில், பிரசவ வலியில் இருந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பலரிடம், அவர்களுக்குப் புரியாத ஆங்கிலப் படிவங்களில் கையெழுத்து வாங்கி நிரந்தரக் கருத்தடை அறுவை செய்தார்கள். அவர்களில் பத்துப் பேர் தொடுத்த 'மாட்ரிகல்' வழக்கு 1978இல் தோற்றது. எனினும் அந்தப் போராட்டத்தின் விளைவாக ஸ்பானிஷ் படிவங்கள் வந்தன. அதே ஆண்டில் வகுக்கப்பட்ட மத்திய அரசின் விதிகள், அரசு நிதியில் செய்யும் இத்தகைய அறுவைக்கு 30 நாள் காத்திருப்பையும் குறைந்தது 21 வயது என்னும் வரம்பையும் கட்டாயமாக்கின. என்னிடம் வரும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்த வழக்கின் பெயர் தெரியாது. ஆனால் மருத்துவர் ஒரு முறையை மட்டும் வற்புறுத்தினால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதை வீட்டில் கேட்டே வளர்ந்திருக்கிறாள்.

ஆகையால், மேற்கையில் தோலுக்கடியில் பொருத்தும் சிறு கருத்தடைக் குச்சியே மிகுந்த பலன் தரும் என்பதை அறிந்திருந்தும் நான் அதிலிருந்து பேச்சைத் தொடங்குவதில்லை. எப்போது குழந்தை வேண்டும், மாதவிடாய் மாறினால் பொறுத்துக்கொள்ள முடியுமா, வீட்டில் எதை ஒளித்து வைக்க முடியும் என்று கேட்டபின், ஆணுறை முதல் காப்பர் டி வரை எல்லாவற்றையும் மேசைமேல் வைக்கிறேன். பையன்கள் பெரும்பாலும் வெளியே காரிலேயே காத்திருக்கிறார்கள். அந்தப் பெண் சம்மதித்தால் அவர்களையும் உள்ளே அழைக்கிறேன். தாய்மாரையும் எதிரிகளாக நான் பார்ப்பதில்லை. பதினாறு வயதில் தாயான ஒருவர், தன் மகளுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும்படி என்னிடம் கேட்டுக்கொண்டு, தானாகவே எழுந்து வெளியே சென்றிருக்கிறார்.

மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய 'ஓபில்' கருத்தடை மாத்திரை 2024இல் கடைகளுக்கு வந்தபோது மகிழ்ந்தேன். ஆனால் மாதத்துக்கு ஏறத்தாழ இருபது டாலர் என்பது சொந்த வருமானம் இல்லாத பெண்ணுக்குப் பெரிய தொகை. தவிர, கல்லாவில் இருப்பவரும் அவளை அறிந்தவரே. அறுவடைக் காலத்தில் பெற்றோர் விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விட, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்தப் பெண்கள் மேல் விழுவதால், மாலை நேரத்திலும் சனிக்கிழமையிலும் நிலையம் திறந்திருப்பதே அவர்களுக்கு உண்மையான உதவி. குச்சியை எடுத்துவிடும்படி ஒருத்தி கேட்டால், காரணம் எதுவாயினும், இன்னும் சில மாதம் பொறுத்துப் பார் என்று திருப்பி அனுப்பாமல், அன்றே எடுத்துவிட வேண்டும் என்று புதிதாகச் சேரும் செவிலியர்களிடம் வலியுறுத்துகிறேன்.