எத்தனை நிமிஷம், டீச்சர்?

நான் வகுப்பெடுக்க ஆரம்பித்த முதல் வாரம் அது. ஒரு மாணவி கையில் இடுக்கியோடு சூளைப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எத்தனை நிமிஷம் டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் 11 வருஷம் எனாமல் வேலை, அதாவது உலோகத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைச் சூளையில் உருக்கிப் படியவைக்கும் வேலை, பார்த்திருந்தேன். தகட்டை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். வாயால் சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரி ஒரே அளவில் வெட்டிய செம்புத் தகடுகளை ஒவ்வொன்றாக 800 டிகிரியில் வைத்து, உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் கண்ணாடிப் பொடி இருண்டுபோகும். பிறகு சர்க்கரை தூவின மாதிரி பொரபொரவென்று நிற்கும். அப்புறம் ஆரஞ்சுத் தோல் போல மேடும் பள்ளமுமாகும். கடைசியில் தண்ணீர் தேங்கினாற்போல் மட்டமாகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு வந்ததும் எடுக்க வேண்டும். தகடு தடிமனாக இருந்தால் நேரம் கூடும், கதவை அடிக்கடி திறந்தால் சூடு இறங்கி இன்னும் கூடும். மறுநாள் அவளிடம், "கடிகாரத்தைப் பார்க்காதே, தோலைப் பார்" என்றேன்.

நான் எனாமலுக்கு வந்ததே சுத்தியல் வழியாகத்தான். முதலில் செம்புக் கிண்ணங்கள் அடித்துக்கொண்டிருந்தேன். செம்பு அடிக்க அடிக்க இறுகும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மறுபடி இளகும். எஃகை அப்படி முக்கினால் இறுகும், அதனால் எஃகில் பழகியவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். அடித்த கிண்ணத்துக்கு நிறம் வேண்டும் என்ற ஆசைதான் என்னை எனாமலுக்குக் கொண்டுவந்தது.

முதல் கண்காட்சிக்கு ஒரு நீலத் தட்டு செய்தேன். சூளையிலிருந்து வந்தபோது ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி, யாரும் தொடாமலே, மேசைமேல் 'டிக்' என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் தட்டைச் சுற்றி நீலச் சில்லுகள். அழுதுவிட்டேன். ஆறும்போது செம்பு கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும். முன்பக்கம் மட்டும் பூசினால் தகடு வளைய வளைய, மேலே இருக்கிற கண்ணாடி தாங்காமல் தெறித்துவிடும். பின்பக்கமும் பூசியிருந்தால் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நின்றிருக்கும். இன்றைக்கும் மாணவர்கள் வேலையைக் கொண்டுவந்தால் முதலில் திருப்பித்தான் பார்க்கிறேன்.

ஆரம்பத்தில் யாருக்கும் வெள்ளி கொடுப்பதில்லை. நகைக்குப் பயன்படும் 92.5 சதவீத வெள்ளி, 800ஐத் தாண்டியதுமே உருக ஆரம்பித்துவிடும். செம்பு 1085 வரை தாங்கும், பிழையைப் பொறுக்கும். பொடியைக் கழுவுவதற்கே ஒரு முழு நாள் ஒதுக்குவேன். ஒளி ஊடுருவும் நிறங்களில் பால் மாதிரி கலங்கி வருகிற நுண்தூளை ஊற்றி ஊற்றி நீர் தெளியும் வரை கழுவ வேண்டும். இல்லையென்றால் நிறம் மங்கும். சலிக்கும்போது முகமூடி கட்டாயம். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கற்றுக்கொடுக்க ஆரம்பித்த பிறகு சொந்த வேலை குறைந்துபோனது உண்மை. வருஷத்துக்கு 20 துண்டு செய்தவள் இப்போது 6 செய்கிறேன். அந்த ஆறும் முன்பைவிட நிதானமாக வருகின்றன.

போன வாரம் ஒரு பையன் முதன்முறையாகச் சிவப்பு பூசிச் சுட்டான். வெளியே எடுத்ததும் தகடு கரிபோலக் கறுப்பு. "கருகிடுச்சு டீச்சர்" என்று குரல் உடைந்துவிட்டது. இடுக்கியைப் பிடித்தபடியே நிற்கச் சொன்னேன். சூடு ஆற ஆற, ஓரத்திலிருந்து சிவப்பு மெல்ல ஏறி நடுவுக்கு வந்தது. அவன் இடுக்கியைக் கீழே வைக்க மறந்து நின்றான்.