பத்து ரூபாய் ரயிலும் நூறு ரூபாய் ஆட்டோவும்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ரயிலில் போகிறேன் என்றதும் அத்தை சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ரயிலுக்கு நேர் பாதை இல்லை. மேற்கே விழுப்புரம் போய், வண்டி மாறி, பண்ருட்டி வழியாக மறுபடியும் கடலைப் பார்த்து வர வேண்டும். மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகச் சென்னையையும் கடலூரையும் இணைக்கும் பாதை வருகிறது, வருகிறது என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஆட்டோ வயிற்றெரிச்சல். நேரு வீதியிலிருந்து ஸ்டேஷனுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. 150 ரூபாய் என்றார். மீட்டர் போடச் சொன்னால், "அதெல்லாம் இங்க கிடையாதுண்ணா" என்று சிரிப்பு வேறு. பேரம் பேசி 100 ரூபாய் அழுதேன். அப்புறம் கவுண்டரில் 38 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விழுப்புரத்துக்கு டிக்கெட் வாங்கினேன். 10 ரூபாய்! அந்த ஆட்டோக்காரரை நினைத்து இன்னொரு முறை எரிந்தது.

பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1879இல் வந்த பாதை இது. மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை ஆகி, இப்போது மெமு என்கிற குறுந்தூர மின்சார ரயில் ஓடுகிறது. வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர், அவ்வளவுதான், விழுப்புரம் வந்துவிடும். வேலைக்குப் போகிறவர்கள் ஏறிய உடனே தூங்குகிறார்கள், இறங்கும் இடத்தில் சரியாக விழிக்கிறார்கள். எப்படித்தான் முடிகிறதோ!

விழுப்புரத்தில் அடுத்த பாசஞ்சருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. இந்த இரண்டு வண்டிகளின் நேரத்தையும் ஒருவர் உட்கார்ந்து பொருத்திப் பார்த்தால் பாதிக் கூட்டம் பஸ்ஸை விட்டு இங்கே வந்துவிடும்.

ஆனால் பண்ருட்டி எல்லாக் கோபத்தையும் ஆற்றிவிட்டது. கூடையோடு ஓர் அம்மா ஏறினார். பெட்டி முழுக்கப் பலாப்பழ வாசனை. இருபது ரூபாய்க்குக் கை நிறையச் சுளை, ஒவ்வொன்றும் தேன். எதிரே இருந்த தாத்தா, "கொட்டையைத் தூக்கிப் போடாதப்பா, சாம்பாருக்கு ஆகும்" என்று தன் பையை நீட்டினார். நெல்லிக்குப்பம் எப்போது போனதென்றே தெரியவில்லை. கை பிசுபிசுப்பிலேயே கவனம்.

கடலூருக்கு இறங்க வேண்டியது திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில். கடலூர் துறைமுகம் ஜங்ஷன் வரை போய்விடாதீர்கள், அது ஓ.டி. என்கிற பழைய நகரப் பக்கம். இங்கே பஸ் ஸ்டாண்டும் பாடலீஸ்வரர் கோவிலும் நடக்கும் தூரம்தான், ஆட்டோவே வேண்டாம்.

அவசரமென்றால் பஸ். பலாக் காலமென்றால் ரயில், கையில் சில்லறையோடு.