வரிசையில் நின்று பழகிய பாஸ்

நாற்பது பிள்ளைகள், நான்கு பந்து, நான்கு வரிசை. பி.டி. பீரியடின் பெரும்பகுதி முன்னால் நிற்பவர் முதுகைப் பார்ப்பதிலேயே கழியும். பந்து கைக்கு வந்தாலும் தடுக்க எதிரே ஆளில்லை. அப்படிப் பழகிய பாஸ், அதாவது பந்தைத் தன் அணிக்காரருக்குக் கொடுப்பது, மேட்சில் காணாமல் போவதில் வியப்பென்ன? 1982-இல் இங்கிலாந்தில் உடற்கல்வியாளர்களான டேவிட் பங்கரும் ராட் தோர்ப்பும் முன்வைத்த முறை இதைத் தலைகீழாக்கியது: முதலில் ஆட்டம், தேவை புரிந்தபின் நுட்பம்.

பாஸுக்கு ‘மூன்றுக்கு ஒன்று’ ஆட்டமே போதும். 10 முதல் 12 வயதுக்கு எட்டு மீட்டர் சதுரம், மூலைக்கொரு கோன். மூவர் பந்தைக் கையால் மாற்றிக்கொள்ள, நடுவில் ஒருவர் பறிக்கப் பார்ப்பார். நாற்பது பேருக்குப் பத்துச் சதுரம், பத்துப் பந்து. வாலிபாலோ ஃபுட்பாலோ, எது கிடைத்தாலும் சரி. பந்தோடு ஓடக்கூடாது, 3 விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும், தொடர்ந்து 5 பாஸுக்கு ஒரு புள்ளி. நடு ஆளை 90 விநாடிக்கு ஒருமுறை மாற்றுங்கள். ‘பந்தை விட்டவர் நடுவே போ’ என்ற பழைய விதி மட்டும் வேண்டாம். தடுமாறும் பிள்ளைதான் கடைசிவரை அங்கே மாட்டிக்கொள்ளும்.

முதல் சிக்கல், எல்லாரும் பந்தைச் சுற்றி மொய்ப்பது. “விலகி நில்லுங்க” என்று தொண்டை கிழியக் கத்தினாலும் பலிக்காது. பந்து இருக்கும் மூலைக்குப் பக்கத்து மூலைகள் இரண்டிலும்தான் மற்ற இருவர் வாங்கலாம் என்று விதி வையுங்கள், தானாக விரிவார்கள். தலைக்கு மேல் தூக்கிப்போட்டே தப்பித்தால், ஒருமுறை தரையில் குத்தி வரும் பாஸுக்கு மட்டும் கணக்கு. பந்து உடனுக்குடன் பறிபோனால் சதுரத்தைப் பத்து மீட்டராக்குங்கள். பறிபோகவே இல்லையென்றால் ஆறு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

இடையில் விசிலடித்து ஒரே கேள்வி: “பாஸ் கொடுத்ததும் நீ எங்கே போனாய்?” ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினால் கவனம் போய்விடும். பந்து வலுவில்லாமல் விழுவதைப் பிள்ளைகளே கவனித்த பிறகு செஸ்ட் பாஸைக் காட்டலாம்: ஒரு கால் முன்னே, இரு கைகளும் மார்பிலிருந்து நீண்டு, விரல்கள் வாங்குபவரை நோக்கி முடிய வேண்டும்.

காலால் ஆடும்போது சதுரம் 12 மீட்டர், பந்தில் காற்று சற்றுக் குறைவு, துள்ளாமல் அடங்கும்.

ஈட்டி, குண்டு எறிதலுக்கு இந்த முறை ஆகாது. அங்கே வரிசையும் பாதுகாப்பு விதியும்தான் முதலில்.