கிளிநொச்சியில் வீட்டுத் திட்டம் கிடைத்த கதை

போருக்குப் பிறகு இந்திய அரசின் நிதியில் வீடு கட்ட உதவிய இந்திய வீட்டுத் திட்டத்தில், பயனாளிகள் பட்டியலில் பெயர் வந்தால் வீடு வந்துவிடும் என்று வெளியூரில் இருப்பவர்கள் நினைத்தார்கள். பெயர் வரவேண்டுமென்றால் முதலில் காணி உங்களுடையது என்று காட்ட வேண்டியிருந்தது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமிலிருந்து 2010இல் திரும்பிய எங்களிடம் குடும்ப அட்டையைத் தவிர ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

வளவில் சுவரின் ஒரு மூலையும் கிணறும்தான் மிஞ்சியிருந்தன. மிதிவெடி அகற்றுபவர்கள் பார்த்து முடிக்கும்வரை கிணற்றில் கைவைக்க விடவில்லை. அப்புறம் பம்ப் பிடித்து இறைத்தோம். சேற்றோடு சைக்கிள் றிம், துருப்பிடித்த தகரம், ஷெல் துண்டுகள் எல்லாம் வந்தன. தண்ணீர் தெளியும்வரை பக்கத்து வளவில்தான் அள்ளினோம்.

காணிப் பேர்மிட், அதாவது அரசாங்கக் காணிக்கான அனுமதிப்பத்திரம், அப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவர். காணாமல் போனவர்களுக்கு மரணப் பதிவு எடுக்க 2010இல் தற்காலிகச் சட்டம் ஒன்று வந்தது. "அந்தச் சான்றிதழ் இருந்தால் எல்லாம் சுலபம்" என்றார் ஓர் அதிகாரி. "அந்த மனிசன் செத்ததெண்டு நான் கையெழுத்து வைக்க மாட்டன்" என்றார் அம்மா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. கிராம அலுவலரின் கடிதம், அக்கம்பக்கத்தாரின் சாட்சி, அம்மா குடும்பத் தலைவி என்ற பதிவு, இவற்றை வைத்துத்தான் அலைந்தோம். பெண் தலைமைக் குடும்பங்களுக்கு முன்னுரிமை இருந்ததால் கடைசியில் பெயர் வந்தது.

மொத்தம் ஐந்தரை லட்சம் ரூபாய். அதை ஒரே தடவையில் தரவில்லை. அத்திவாரம் முடிந்ததா என்று வந்து பார்த்த பிறகுதான் அடுத்த கட்டப் பணம் வங்கிக்கு வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டியதால் மணல் விலையும் மேசன் கூலியும் ஏறிக்கொண்டே போயின. ஆசைப்பட்டு இன்னோர் அறைக்கும் அத்திவாரம் போட்ட பல வீடுகள் கூரை மட்டத்தில் நின்றுபோயின. திட்டத்தில் தந்த வரைபடத்தை நாங்கள் மீறவில்லை. அப்படியும் கூரை மரம் வாங்க அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. கட்டப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பணம் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு கட்டத்துக்கான செலவு உங்களிடம் இருக்க வேண்டும்.

வெளிச்சுவருக்குப் பூச்சு இன்னும் இல்லை. பேர்மிட்டை அம்மாவின் பெயருக்கு மாற்ற அதே சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். அம்மா எடுக்கவில்லை, எடுங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை.