உப்பு போட்ட ஓட்டைகள்

எலும்புத் திசு வளர்ப்பதற்காகப் பட்டில் சாரம், அதாவது செல்கள் பற்றி வளர ஓட்டைகள் நிறைந்த தாங்குசட்டம், செய்கிறேன் என்று சொன்னால் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "காஞ்சிபுரமா, ஆரணியா?" என்பதுதான். இரண்டும் இல்லை, தர்மபுரி. அங்குள்ள பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் விவசாயி ஒருவர், நூற்பவர்கள் ஒதுக்கும் கூடுகளை எனக்கு எடுத்து வைக்கிறார். பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டில் இழை அறுபட்டிருக்கும், நூற்க உதவாது. எனக்கு அதில் நட்டமில்லை. நான் கரைக்கத்தானே போகிறேன்! கறை படிந்தவற்றை மட்டும் தள்ளிவிடுவேன்.

வெட்டிய கூடுகளை 0.02 மோலார் சோடியம் கார்பனேட் நீரில் 30 நிமிடம் கொதிக்க வைத்தால், இழைகளை ஒட்டியிருக்கும் செரிசின் என்ற பசை போய்விடும். எடையில் ஏறத்தாழ கால் பங்கு அதோடு போகும். கூடுதலாகக் கொதித்தால் இழையின் முக்கியப் புரதமான ஃபைப்ராயினின் சங்கிலிகள் அறுந்து, சாரம் வலுவிழக்கும். மிஞ்சியதை 9.3 மோலார் லித்தியம் புரோமைடில் 60 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் தேன் நிறக் கரைசல் கிடைக்கும். உப்பை வெளியே விட்டுப் புரதத்தை உள்ளேயே நிறுத்தும் டயாலிசிஸ் பையில் ஊற்றி, இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி அந்த லித்தியம் உப்பை அகற்ற வேண்டும். வேகமாகக் குலுக்கினால் கரைசல் கூழாகிவிடும் என்பதால், இந்தக் குடுவைகளை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது ஆய்வகத்தில் எழுதப்படாத சட்டம்.

இதுவரை எல்லாம் சமையல் குறிப்புதான். சாரத்தின் தரம் அதன் ஓட்டைகளில் இருக்கிறது. இரத்த நுண்குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இல்லாத செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. குழாய்கள் உள்ளே வளர வழி வேண்டும். எலும்புக்கு 300 மைக்ரானுக்கு மேற்பட்ட ஓட்டைகளைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள்.

இந்த ஓட்டைகளுக்காக இப்போது எல்லோரும் முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். நான் உப்புக் கட்சி. சல்லடையில் சலித்து 500 முதல் 600 மைக்ரான் அளவுள்ள சோடியம் குளோரைடு உப்பை மட்டும் எடுத்து, 2 மில்லிலிட்டர் பட்டுக் கரைசலுக்கு 4 கிராம் வீதம் மெல்லத் தூவுகிறேன். இவ்வளவு சிறிய அளவு நீர் உப்பில் ஒரு பங்கைக் கரைத்ததும் தெவிட்டிவிடும். மீதி மணிகள் அப்படியே நிற்கும். அவற்றைச் சுற்றியுள்ள புரதத்திலிருந்து உப்பு நீரை இழுப்பதால், பட்டு பீட்டா அடுக்குகளாக, அதாவது சங்கிலிகள் பக்கம் பக்கமாக நெருங்கிய தகடுகளாக, இறுகி, இனி தண்ணீரில் கரையாததாகிறது. ஓரிரு நாளில் முழுவதையும் தண்ணீரில் மூழ்க வைத்தால் உப்பு வெளியேறும், அது இருந்த இடம் ஓட்டையாகும். மணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் ஓட்டைக்கு ஓட்டை வாசல் திறக்கிறது. அச்சு இயந்திரத்தில் அந்த வாசல்களை நாமே வரைந்து கொடுக்க வேண்டும்.

இன்னொரு வசதி: இந்தச் சாரத்தை ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரியில் கிருமி நீக்கலாம். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தால் ஆன சாரத்தை அப்படிச் செய்தால் ஜெலட்டின்தான் மிஞ்சும். பக்கத்து மேசைக்காரர் கொலாஜனில் வேலை செய்கிறார், ஆட்டோகிளேவ் பக்கம் நான் போகும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

எனக்கும் பெருமூச்சுக்குக் காரணம் உண்டு. எலும்புச் செல்லாக மாறக்கூடிய தண்டுச் செல்களைச் சாரத்தின் மேல் சொட்டினால் அவை வெளிப்புறத்திலேயே குடியேறி அடைத்துக்கொள்கின்றன, நடுப்பகுதி பட்டினி கிடக்கிறது. அதனால் ஊட்டக் கரைசலைச் சிறு பம்ப் மூலம் சாரத்தின் ஊடாகவே செலுத்தும் அறை ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். குழாய் இணைப்பில் கசிவு இன்னும் நிற்கவில்லை.